டேப் கொதிக்கிறது, கோடு பின்னால் வருகிறது: சித்திரை வேலை நடுவில் என்ன செய்வது?

கோட்டுக்காரி (வில்லாபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக டேப்பில்தான் (டேப்லெட்டில்) வரைகிறேன். கல்யாணப் பத்திரிகை, சாமி படம், கடை போர்டுக்கான ஓவியம் என்று வருமானம் முழுக்க இதிலிருந்துதான். இப்போது எங்கள் தெருப் பையன்கள் வைக்கும் நீர்மோர் பந்தலுக்கு ஒரு பேனர் வரைந்துகொண்டிருக்கிறேன். 10 அடிக்கு 7 அடி. தங்கக் குதிரையில் அழகர், பின்னால் வைகை, கரை நிறைய ஜனம். அழகர் ஆற்றில் இறங்க இன்னும் 16 நாள்தான் இருக்கிறது.

போன வாரத்திலிருந்து மதியம் உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் டேப்பின் முதுகு சுடுகிறது. கேமராவுக்குக் கீழே ஒரு கையகல இடத்தில்தான் சூடு அதிகம். முதலில் திரை மங்கும். அப்புறம் கோடு பேனா முனைக்கு அரை விரற்கடை பின்னால் இழுபட்டு வரும். குதிரையின் பிடரி மயிரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், இல்லையா? நடுவழியில் கோடு நின்று, அப்புறம் நேராக ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு வந்து சேர்கிறது. வளைவே போய்விடுகிறது. ஒரே மயிரை ஒன்பது முறை போட்டு அழித்தேன்.

அதைவிடப் பெரிய வேதனை நிறம். திரை மங்கியதைக் கவனிக்காமல் குதிரைச் சேணத்தின் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். ராத்திரி டேப் ஆறிய பிறகு பார்த்தால் கண்ணைக் குத்துகிறது. ஒரு மதியத்து வேலை முழுக்க வீண்.

விவரம் சொல்லிவிடுகிறேன். 11 அங்குல டேப், 6 ஜிபி ரேம், 8,000 எம்ஏஎச் பேட்டரி. படம் ஏ2 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 22 லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வரையும் அடுக்கு). சார்ஜரில் போட்டபடியே வரைவேன். கெட்டி ரப்பர் கவர் போட்டிருக்கிறேன். அறை மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. ஏசி கிடையாது. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "வெயில் காலம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். புது டேப் வாங்கும் நிலையில் இல்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்துத் தூரிகை

கவரைக் கழற்றுங்கள் அக்கா. இப்போதே.

பழைய சர்க்யூட் (பெரியார் பக்கம் சர்வீஸ் கடை)

கவரைக் கழற்றியதும் இன்னொன்று பாருங்கள்மா. டேப்பை அணைத்துவிட்டு, சமமான கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து, நாலு மூலையையும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஆடுகிறதா? திரையின் ஓரத்தில் எங்காவது பசை விட்டு, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறதா? மறுபடி ஆன் செய்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தால் திரை நடுவில் பளிச்சென்று ஒரு திட்டு தெரிகிறதா?

இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் சார்ஜே போடக் கூடாது, வரையவும் கூடாது. அமுக்கிச் சரிபண்ணவோ குத்திக் காற்றை விடவோ யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். என் கடைக்கு வெயில் காலத்தில் உப்பிய பேட்டரியோடு வருகிறவர்களில் நிறையப் பேர் சார்ஜரிலேயே போட்டு நாள் முழுக்க ஓட்டியவர்கள்தான். முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோட்டுக்காரி

ஐயா, பார்த்துவிட்டேன். ஆடவில்லை, ஓரமும் ஒட்டித்தான் இருக்கிறது, திட்டும் இல்லை. மனசு இப்போதுதான் சமாதானமானது. கவரைக் கழற்றி வரைந்தேன். 20 நிமிடம் தாங்கியது 35 நிமிடம் தாங்குகிறது. ஆனால் அதற்கப்புறம் பழைய கதைதான்.

எட்டாங்கட்டை வாத்தியார் (திருமங்கலம்)

அம்மா, முழுச் சார்ஜில் எவ்வளவு நேரம் வரைய முடிகிறது?

கோட்டுக்காரி

சார்ஜரை எடுத்துவிட்டால் மூன்றரை மணி நேரம் வரும் சார்.

எட்டாங்கட்டை வாத்தியார் (திருமங்கலம்)

சரி. அப்படியானால் கணக்கு எளிது. 8,000 எம்ஏஎச் என்றால் 8 ஆம்பியர்-மணி. பேட்டரியின் வோல்டேஜ் சராசரி 3.85 என்று வைத்தால் சுமார் 31 வாட்-மணி. அது மூன்றரை மணி நேரத்தில் தீர்கிறது என்றால், சுமார் 9 வாட். நம் வீட்டில் போடும் 9 வாட் எல்இடி பல்பு எரியும்போது அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு சுடும் என்று தெரியும். திரை வெளிச்சமாக வெளியே போகும் கொஞ்சத்தைத் தவிர அந்த 9 வாட்டும் உங்கள் டேப்புக்குள் சூடாகத்தான் முடிகிறது. சார்ஜரில் போட்டபடி வரைந்தால், சார்ஜ் ஏறும்போது உண்டாகும் சூடும் இதோடு சேரும்.

டேப்பில் ஃபேன் இல்லை. உள்ளே இருக்கும் சூடு முதுகு வழியாக அறைக் காற்றுக்குப் போனால்தான் உண்டு. எவ்வளவு வேகமாகப் போகும் என்பது முதுகுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. முதுகு 42 டிகிரி, அறை 28 டிகிரி என்றால் வித்தியாசம் 14. அதே முதுகு, அறை 38 டிகிரி என்றால் வித்தியாசம் வெறும் 4. சூடு போக வழியில்லை. உள்ளேயே தேங்கும். அப்போது டேப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும், திரையை மங்கவைக்கும், சார்ஜை நிறுத்தும். உங்கள் கோடு பின்னால் வருவதற்கு அதுதான் காரணம். டேப் பழுதாகவில்லை, மூச்சுத் திணறுகிறது.

ஆப்பிள் கம்பெனி தன் ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. மதுரையில் சித்திரை மதியம், அதுவும் ஷீட் கூரைக்குக் கீழே, அந்த 35ஐத் தாண்டாத நாள் எது? உங்கள் அறையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பாண்டி ஆர்ட்ஸ் தம்பி

நான் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பேன். ஜில்லென்று ஆகிவிடும். ஒன்றும் ஆகவில்லை.

பழைய சர்க்யூட்

தம்பி, வேண்டாம். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தால் வெளியே எப்படி வேர்க்கிறது? அதே வேர்வை டேப்புக்குள்ளேயும் பிடிக்கும். சார்ஜ் பின்னுக்குள், ஸ்பீக்கர் ஓட்டைக்குள், போர்டு மேல். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் பச்சை பூத்துப் போய் என்னிடம் வரும். ஐஸ் பையை முதுகில் கட்டுவதும் இதேதான். சூடான கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் அதற்கும் நல்லதில்லை.

சாதாரண டேபிள் ஃபேன் போதும். டேப்பைப் படுக்கப் போடாமல் கம்பி ஸ்டாண்டில் சாய்த்து, பின்பக்கம் காற்று படும்படி ஃபேனைத் திருப்பி வையுங்கள். மெத்தையிலோ தலையணையிலோ மடியிலோ வைத்து வரையாதீர்கள்.

பாண்டி ஆர்ட்ஸ் தம்பி

சரிங்கண்ணே, விட்டுவிடுகிறேன். இவ்வளவு யோசிக்கவில்லை.

சிம்மக்கல் பிரிண்ட்

நான் ஃப்ளெக்ஸ் பிரஸ்ஸில் டிசைனர். வாத்தியார் சொன்ன அந்த 9 வாட்டை எப்படிக் குறைப்பது என்று பார்க்கலாம். எனக்கு உறுத்துவது அந்த 300 டிபிஐதான் அக்கா.

ஏ2 300 டிபிஐ என்றால் 4961க்கு 7016, சுமார் 3.48 கோடி புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரு லேயர் முழுக்க நிரம்பினால் 139 எம்பி. 22 லேயருக்கு 3 ஜிபி. உங்கள் ரேமே 6 ஜிபிதான், அதில் ஆண்ட்ராய்டுக்கும் பங்கு உண்டு. நீங்கள் பிரஷ்ஷை இழுக்கும் ஒவ்வொரு முறையும் டேப் இத்தனையையும் தூக்கிச் சுமக்கிறது. பெரிய பிரஷ், ஈரக் கலவை பிரஷ் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதே ஏ2வை 150 டிபிஐயில் வைத்தால் புள்ளிகள் நாலில் ஒரு பங்கு. லேயருக்கு 35 எம்பி. 22 லேயரும் சேர்ந்து ஒரு ஜிபிகூட வராது.

கோட்டுக்காரி

அது சரிதான் தம்பி. ஆனால் 10 அடி பேனர். 150இல் வரைந்து பெரிதாக்கினால் அழகர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்துவிடாதா? முகம் கெட்டுப்போனால் அந்தப் படத்தையே வைக்கக் கூடாது. ஜனங்கள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சிம்மக்கல் பிரிண்ட்

உங்கள் பயம் நியாயம்தான் அக்கா, அதனால் கணக்கோடு சொல்கிறேன். நல்ல பார்வையுள்ள கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடியும் மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. 20 அடி தள்ளி நிற்கிறவருக்கு அங்குலத்துக்கு 15 புள்ளி இருந்தால் போதும், கட்டம் தெரியாது. 10 அடியில் நின்றால் 29 வேண்டும். உங்கள் 150 டிபிஐ படத்தின் நீளப் பக்கம் 3508 புள்ளி. அதை 120 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 29. பந்தல் பேனர் ஆள் உயரத்துக்கு மேலேதான் கட்டுவார்கள். 10 அடிக்குள் வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

சந்தேகமிருந்தால் முகம் வரும் பகுதியை மட்டும் ஒரு ஒன்றரை அடிக்கு ஃப்ளெக்ஸில் சோதனை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எழுத்தை டேப்பில் எழுதவே வேண்டாம். இடம் மட்டும் விட்டுக் கொடுங்கள், நாங்கள் கம்ப்யூட்டரில் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் போட்டுக்கொள்வோம். எழுத்துதான் கூர்மையாக இருக்க வேண்டும். எந்த பிரஸ்ஸிலும் இதைச் செய்து தருவார்கள்.

இன்னொன்று. உங்கள் ஆப்பில் டைம்லேப்ஸ் பதிவு, அதாவது நாம் வரைவதை வீடியோவாகப் பிடிப்பது, ஓடுகிறதா பாருங்கள். பல ஆப்களில் நாம் கேட்காமலே ஓடும். ஐபேடில் வரையும் புரோகிரியேட் ஆப்பில் செயல்கள், வீடியோ என்று போனால் அணைக்கலாம். வரைவதோடு வீடியோவும் எடுத்துக்கொண்டிருப்பது தேவையில்லாத சுமை.

ஒற்றைக்கோடு (கே.புதூர்)

டைம்லேப்ஸ்! நான் மூன்று வருடமாக அணைக்காமலே வரைந்திருக்கிறேன். இன்றைக்கு அணைத்தேன். நன்றி.

திரையின் ரிஃப்ரெஷ் வேகம் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கிறது என்பது) 120இல் இருந்தால் 60க்குக் குறைத்துப் பாருங்கள் அக்கா. கோடு வரும் வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், ஆனால் கொதித்துப்போய் இழுக்கும் கோட்டைவிட அது எவ்வளவோ மேல். வைஃபை, புளூடூத்தில் பேனாவுக்கு எது தேவையோ அதைத் தவிர மற்றதை அணைத்துவிடுங்கள். பின்னால் ஓடும் ஆப்களையும்.

கருமாத்தூர்க்காரன்

கூரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அறை சூட்டைக் குறைக்காமல் டேப்பை மட்டும் திருத்தி என்ன பிரயோஜனம்? ஷீட் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். முடிந்தால் தென்னங்கீற்று பரப்புங்கள். எங்கள் வீட்டுப் பட்டறையில் கீற்று போட்ட பிறகு மதியம் உட்கார முடிகிறது. வேலையைக் கீழ் வீட்டுக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

ஒற்றைக்கோடு

கீழ் வீடு என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைதான் எனக்கு. கான்கிரீட் கூரை. ராத்திரி பத்து மணிக்குக்கூட சீலிங்கைத் தொட்டால் சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரிதான் கக்கும்.

எட்டாங்கட்டை வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஷீட் மெல்லியது. சீக்கிரம் சூடேறும், பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறும். கான்கிரீட் தடிமன், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதனால் கோட்டுக்காரி அம்மாவுக்கு அதே மாடி அறை மதியம் அடுப்பாக இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நல்ல அறை. ஒற்றைக்கோடு தம்பிக்கு விடியற்காலைதான் நேரம். ஒருவருக்குச் சரிப்படும் நேரம் இன்னொருவருக்குச் சரிப்படாது. அவரவர் அறையை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

தெப்பக்குளத்துத் தூரிகை

முதுகில் மாட்டும் கிளிப் கூலர் விற்கிறார்களே, செல்போனில் கேம் ஆடுகிறவர்கள் போடுவது. வாங்கலாமா?

பழைய சர்க்யூட்

அதில் இரண்டு வகை. வெறும் ஃபேன் மட்டும் உள்ளதில் பயமில்லை, ஆனால் அந்த வேலையை உங்கள் டேபிள் ஃபேனே செய்யும். ஐஸ் மாதிரி குளிரும் தகடு உள்ள வகை ஒன்று உண்டு. அதில் ஃப்ரிட்ஜ் பிரச்சினைதான், தகட்டைச் சுற்றி நீர் பிடிக்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் இன்னும் மோசம். டேப்பின் முதுகோ பெரிது, அந்தத் தகடு மூன்று விரல் அகலம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சார்ஜ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்தால் ஆயுள் போகும். முழுச் சார்ஜில், சூட்டில், மணிக்கணக்காக இருப்பதுதான் அதற்கு ஆகவே ஆகாதது. நீங்கள் செய்துகொண்டிருந்தது சரியாக அதுதான்மா. விடியற்காலையில் 80 சதவீதம் வரை ஏற்றிக் கழற்றுங்கள். வரையும்போது சார்ஜர் வேண்டாம். 20க்கு வந்தால் நிறுத்திவிட்டு, டேப் ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். சில டேப்களில் பேட்டரியைத் தொடாமல் சார்ஜரிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

மை தொட்டவள் (அனுப்பானடி)

நிறத்தைப் பற்றி அக்கா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே அடி விழுந்திருக்கிறது. நான் இப்போது செய்வது இது: கேன்வாஸின் ஓரத்தில் ஒரு பட்டை. சுத்த வெள்ளை, நடுச் சாம்பல், படத்தில் வரும் முக்கியமான ஐந்து நிறம். அதே பட்டையை பிரஸ்ஸில் ஒரு துண்டு ஃப்ளெக்ஸில் அடித்து மேசை மேல் வைத்திருக்கிறேன். திரையில் உள்ள பட்டை ஃப்ளெக்ஸ் துண்டைவிட மங்கலாகத் தெரிந்தால் திரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நிறத்தைத் தொடவே மாட்டேன். கோடு போடுவேன், இல்லை எழுந்து போய்விடுவேன். தானியங்கி பிரைட்னஸை அணைத்துப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி வையுங்கள். முழு வெளிச்சமே ஒரு சூடு.

அப்புறம் கை வேர்வை. மணிக்கட்டுக்குக் கீழே கண்ணாடியில் நீர்த்திட்டு படிந்தால் டேப் அதையும் விரல் என்று எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு புள்ளி வைக்கும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மூடும் கையுறை விற்கிறது. நான் பழைய பனியன் துணியில் தைத்துக்கொண்டேன்.

கோட்டுக்காரி

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

அறையில் தெர்மாமீட்டர் மதியம் 2 மணிக்கு 39 காட்டியது. ராத்திரி 9 மணிக்கு 31. வாத்தியார் சொன்னதை அப்போது கண்ணால் பார்த்தேன். கேன்வாஸை 150க்கு இறக்கினேன். இறக்குவதற்கு முன் மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். கரையில் நிற்கும் ஜனத்தை ஏழு லேயரில் வைத்திருந்தேன், அதை ஒன்றாக்கினேன். 22 இப்போது 16. டைம்லேப்ஸ் என்னுடையதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அணைத்தாயிற்று. சார்ஜரை எடுத்துவிட்டேன். இப்போது ராத்திரி 8 முதல் 11 வரை, காலை 5 முதல் 8 வரை. மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் திரை மங்கவில்லை. முதுகு வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். மதியம் பென்சிலும் பேப்பருமாகக் கோட்டோவியம் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

முகத்தைச் சோதனை பிரிண்ட் எடுத்து எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கண் இமை கூடத் தெளிவாக இருக்கிறது. கிட்டப் போய், இரண்டடியில் நின்றபோதுதான் புள்ளி தெரிந்தது. சிம்மக்கல் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிடரி மயிர் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இரண்டாவது முயற்சியிலேயே.

சிம்மக்கல் பிரிண்ட்

ரொம்ப சந்தோஷம் அக்கா. ஒன்று மட்டும் கேட்கணும், அழகர் உடுத்தியிருக்கும் பட்டின் லேயரையும் மற்றதோடு சேர்த்துவிட்டீர்களா?

கோட்டுக்காரி

இல்லை தம்பி, அதைத் தொடவில்லை. பேனருக்குப் பச்சைப் பட்டு வைத்திருக்கிறேன். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பார்கள், அந்த வேண்டுதலில்தான். ஆனால் அன்றைக்குப் பட்டர் பெட்டிக்குள் கைவிட்டு எந்த நிறத்தை எடுக்கிறாரோ அந்தப் பட்டில்தானே அழகர் இறங்குவார். அந்த நிறத்தோடு ஒரு படம் காலையிலேயே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று ஆசை. ஆற்றங்கரைக்கே டேப்பைக் கொண்டுபோகப் போகிறேன். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

பழைய சர்க்யூட்

தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள், அதைத்தான் முதலில் பார்க்கணும். டேப்பை முழுதாக அணைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பருத்தித் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். கருப்புப் பை வேண்டாம். அணைத்திருக்கும்போது பிளாஸ்டிக்கில் இருந்தால் தப்பில்லை. வரைய எடுக்கும்போது கவரை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். நிழல் கிடைத்த பிறகு திறங்கள். வெயிலில் திரையைத் திறந்து வைத்தால் வெளிச்சம் போதாமல் பிரைட்னஸை ஏற்றுவீர்கள், இரண்டு சூடும் சேர்ந்துகொள்ளும்.

கோட்டுக்காரி

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். ஆழ்வார்புரத்தில் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன். அழகர் இறங்கும்போது என் மேலே தண்ணீர் கொட்டியது, பை நனைந்தது, டேப்புக்கு ஒரு சொட்டு படவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகியதும் ஒரு பூட்டிய கடையின் திண்ணையில் நிழலில் உட்கார்ந்து, அந்த ஒரு லேயரை மட்டும் நிறம் மாற்றி, மடிப்புகளில் நிழல் போட்டேன். 12 நிமிடம். பையன்களின் குரூப்புக்கு அங்கிருந்தே அனுப்பிவிட்டேன்.

மை தொட்டவள் (அனுப்பானடி)

அக்கா, உங்கள் தெருப் பந்தலில்தான் மோர் குடித்தேன். யார் வரைந்தது என்று கேட்டதற்கு மாடி வீட்டைக் காட்டினார்கள். சேணத்தின் சிவப்பு சரியாக இருக்கிறது. அந்தப் பிடரி மயிரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.